கஞ்சித் தொட்டியும் உர மூட்டையும்

(பண்ணை ஒலிபரப்பில் பேசியது)



பட்டணத்துக்கு வைத்தியம் பார்க்கப் போய் வந்த பெரியவர்கள் உங்கள் ஊரில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ராயபுரம் பக்கம் இருக்கிற ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஜனங்கள் வைத்த பேர் என்ன என்று. "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி" என்பார்கள். ஆஸ்பத்திரிக்கும் கஞ்சித் தொட்டிக்கும் என்னய்யா சம்பந்தம் என்று தோன்றும். அந்தச் சம்பந்தம் நம்ம கிராமத்துப் பசியிலிருந்து வந்தது. கிராமத்து ஏழ்மையைப் போக்க ஆட்சியாளர்கள் என்னென்ன செய்து பார்த்தார்கள் என்பதை இன்று அந்த ராயபுரத்தில் தொடங்கி, திருவொற்றியூர், எண்ணூர், மணலி வரை நடந்து போய்ப் பார்க்கலாம்.

1780-ல் ஹைதர் அலிக்கும் கும்பினியாருக்கும் சண்டை மூண்டது. சண்டை ராஜாக்களுக்கு, வீடு எரிந்தது குடியானவனுக்கு. செங்கல்பட்டுச் சீமையில் ஊர் ஊராகப் பாழாச்சு. விதை நெல்லும் போச்சு, உழவு மாடும் போச்சு. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஜனங்கள் சென்னைக் கோட்டையைச் சுற்றி வந்து விழுந்தார்கள். 1782-ல் பஞ்சம் முற்றியபோது, மணியக்காரர் ஒருவர் வடசென்னையில் தொட்டி கட்டிக் கஞ்சி ஊற்றினார். அதுதான் மணியக்காரர் சத்திரம். வெள்ளைக்காரர் வாயில் அது 'மானேகார் சவுல்ட்ரி' ஆயிற்று. 1799-ல் ஜான் அண்டர்வுட் என்ற வைத்தியர் அந்தச் சத்திரத்தை ஒட்டி ஒரு மருத்துவமனை தொடங்கினார். அதுதான் வளர்ந்து பின்னாளில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஆயிற்று. பேர்ப்பலகை மாறினாலும், கஞ்சித் தொட்டி என்கிற பேர் ஜனங்கள் வாயிலிருந்து போகவில்லை.

இதிலே ஒன்றைக் கவனியுங்கள். அன்றைக்குக் கஞ்சி ஊற்றுவது தர்மம். மனசு இருந்தவர் ஊற்றினார். அரசாங்கத்துக்கு அது கடமை என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. அப்படி எழுதுவதற்கு இன்னும் நூறு வருஷம் ஆச்சு. நடுவில் லட்சக்கணக்கான உயிர் போக வேண்டியிருந்தது.

அந்தப் பெரும் பஞ்சம் 1876-ல் வந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று உங்கள் பாட்டனார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மழை பொய்த்தது. பல்லாரி, கடப்பை, சேலம், வட ஆற்காடு, எங்கு பார்த்தாலும் காய்ச்சல்தான். சென்னையில் அப்போது கப்பல் நிற்கத் துறைமுகம் கிடையாது. கட்டுமான வேலை அப்போதுதான் தொடங்கியிருந்தது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே அலையில் மசூலா படகுதான் போய் வரும். கயிறு போட்டுத் தைத்த படகு அது. ஆணி அடித்த படகு அந்த அலையில் தாங்காது. இப்படிப் படகு படகாக அரிசி மூட்டை இறங்கிக் கடற்கரையில் மலைமாதிரி குவிந்தது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் 1856 ஜூலையிலேயே ரயில் விட்டிருந்தார்கள். தென்னாட்டின் முதல் ரயில் அதுதான். இருபது வருஷத்தில் தண்டவாளம் உள்நாடு வரை நீண்டுவிட்டது.

அரிசி இருக்கு, ரயிலும் இருக்கு. பின்னே ஜனங்கள் ஏன் செத்தார்கள்? இங்கேதான் விஷயம். வாங்கக் காசு இல்லை. வயலில் விளைச்சல் போனால் நில உடைமைக்காரனுக்கு நெல் போச்சு. கூலிக்காரனுக்கு வேலையே போச்சு. வேலை போனவனுக்குக் கடை நிறைய அரிசி இருந்து என்ன, இல்லாமல் என்ன? ரயில் வந்ததாலே, விலை ஏறின இடத்துக்கு வியாபாரி தானியத்தை ஏற்றிக்கொண்டும் போகலாம். ஏழை ஊரிலிருந்து பணக்கார ஊருக்கும் அதே தண்டவாளம்தான். ஜனங்கள் பட்டினி கிடந்த அந்த வருஷங்களில் இந்தியாவிலிருந்து கோதுமை கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

சென்னை கவர்னர் பக்கிங்காம் பிரபு முதலில் கொஞ்சம் துணிந்தார். ஆர்பத்நாட் கம்பெனி மூலமாக வெளியே தெரியாமல் 30,000 டன் தானியம் வாங்க ஏற்பாடு செய்தார். (இந்தக் கம்பெனிதான் 1906-ல் திவாலாகி எத்தனையோ குடும்பத்தின் சேமிப்பை விழுங்கியது, அது தனிக் கதை.) கல்கத்தாவில் இருந்த வைசிராய் லிட்டனுக்கு இது பிடிக்கவில்லை. வியாபாரத்தில் சர்க்கார் கை வைக்கக் கூடாது, விலை தானாகச் சரியாகும் என்பது அவருடைய கொள்கை. செலவைக் கட்டுப்படுத்துவதற்காக 1877 ஜனவரியில் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரியை இங்கே அனுப்பினார்.

டெம்பிள் ஒரு சோதனை செய்தார். மண் வெட்டி, கல் உடைக்கிற ஆளுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது நம்ம கணக்கில் 450 கிராம், அதோடு கொஞ்சம் சில்லறை. இது போதும் என்றார். அது மட்டுமில்லை. சொந்த ஊருக்குப் பத்து மைலுக்குள் வேலை கிடையாது, தூரத்துக்கு வந்துதான் செய்ய வேண்டும் என்றும் வைத்தார்கள். நிஜமாகவே பசித்தவன்தான் அவ்வளவு தூரம் வருவானாம். நிஜமாகவே பசித்தவனால் பத்து மைல் நடக்க முடியுமா என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

யோசித்த ஒருத்தர் இருந்தார். டாக்டர் கார்னிஷ் என்ற சுகாதாரக் கமிஷனர். உழைக்கிற உடம்புக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமாவது வேண்டும், இல்லாவிட்டால் வேலை கொடுத்துக் கொல்கிற மாதிரி ஆகும் என்று சண்டை போட்டார். மார்ச் மாதத்தில் சென்னை அரசாங்கம் அளவை ஏற்றி, கொஞ்சம் பருப்பும் சேர்த்தது. ஆனால் கார்னிஷ் கேட்டதில் பாதி தூரம்தான் வந்தது. அந்தப் பஞ்சத்தில் தென்னாட்டில் இறந்தவர்கள் அரைக் கோடிக்கும் மேல்.

அந்தப் பஞ்ச வேலையில் உருவானதுதான் இன்றைக்கு நாற்றமடித்துக் கிடக்கிற பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி. சென்னையிலிருந்து எண்ணூருக்குப் போகிற கால்வாய் 1806-லேயே வெட்டியது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற எட்டு கிலோமீட்டரைத்தான் 1877, 78-ல் பட்டினி ஜனங்களை வைத்துத் தோண்டினார்கள். பேர் மட்டும் கவர்னருக்கு. அதற்கப்புறம் பல காலம் நெல்லூர்ப் பக்கத்து நெல்லும், எண்ணூர் உப்பும், விறகும் அந்தத் தண்ணீரில்தான் தோணி தோணியாகப் பட்டணத்துக்கு வந்தன.

1880-ல் பஞ்சக் கமிஷன் அறிக்கை கொடுத்தது. அதைத் தொடர்ந்து, பஞ்சம் வந்தால் கலெக்டர் என்ன செய்ய வேண்டும், கூலி எவ்வளவு, கஞ்சி யாருக்கு என்று விதிமுறைகள் எழுதினார்கள். முதல் தடவையாகப் பசி ஒரு சர்க்கார் காகிதத்தில் ஏறியது. பிற்காலத்தில், 2005-ல் சட்டமாகி 2006-ல் தொடங்கிய நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஐந்து கிலோமீட்டருக்குள் வேலை கொடுக்க வேண்டும், அதைத் தாண்டினால் கூலியில் பத்து சதவீதம் கூட்டித் தர வேண்டும் என்று எழுதினார்கள். பத்து மைலுக்கு அப்பால் வா என்ற டெம்பிளையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சலுகையாக இருந்தது உரிமையாக மாறுவதற்கு ஏறக்குறைய 130 வருஷம் பிடித்திருக்கிறது.

அடுத்து 1942. ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போனது. நம்ம ராஜதானிக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. 1943-ல் சென்னையில் ரேஷன் வந்தது. இங்கே நான் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். ரேஷன் என்பது பட்டணத்தைக் காப்பாற்ற வந்த ஏற்பாடு. ஆலைத் தொழிலாளியும் துறைமுகத்துக் கூலியும் பசித்தால் யுத்த வேலை நின்றுபோகும் என்ற பயம் அதில் இருந்தது. அந்த அரிசிக்காகக் கிராமத்தில் கட்டாயக் கொள்முதல் நடந்தது. சொந்தக் களத்து நெல்லை அடுத்த ஊருக்கு எடுத்துப் போகப் பெர்மிட் கேட்டார்கள். 1952 ஜூனில் ராஜாஜி அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தபோது குடியானவர்கள் பெருமூச்சு விட்டார்கள். அதே வருஷம் தஞ்சாவூர்ப் பண்ணையாட்களுக்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. 1955-ல் குத்தகைதாரர் பாதுகாப்பு, 1956-ல் நியாய வாரம், 1961-ல் முப்பது ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று நில உச்சவரம்பு, 1970-ல் அதைப் பதினைந்தாகக் குறைத்தது என்று சட்டம் மேல் சட்டம் வந்தது. உச்சவரம்பில் எவ்வளவு நிலம் பினாமி பேரில் நழுவியது என்பது உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி 1960-களுக்கு வருவோம். மழை சரியில்லை, ஜனத்தொகை ஏறுகிறது. 1956 ஒப்பந்தப்படி அமெரிக்காவிலிருந்து பி.எல்.480 கோதுமையும் மைலோ சோளமும் கப்பல் கப்பலாக வந்தன. 1966-ல் மட்டும் இந்தியா முழுக்க ஒரு கோடி டன் தானியம் இறக்குமதி. கப்பலிலிருந்து நேரே வாய்க்கு என்று அந்த நாளில் பேசிக்கொண்டார்கள். சென்னைத் துறைமுகத்திலும் அந்த மூட்டைகள் இறங்கின. அமெரிக்கத் தலைவர் ஜான்சன் கயிற்றை இழுத்துப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கப்பலை விட்டார். மானமுள்ள எந்தத் தேசத்துக்கும் அது சங்கடம்தான்.

அப்போது மத்தியில் உணவு மந்திரி நம்ம பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியம். விவசாயிக்குக் கட்டுப்படியாகிற விலை, புது விதை, ரசாயன உரம் என்று மூன்றையும் ஒன்றாகப் பிடித்தார். 1965 ஜனவரி 14, பொங்கலன்று, இந்திய உணவுக் கழகம் பிறந்தது. தலைமையிடம் சென்னை, முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூர். தஞ்சாவூரில் 1960-லேயே 'பேக்கேஜ்' திட்டம் தொடங்கியிருந்தது. விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாம் சேர்த்துக் கொடுக்கிற திட்டம். 1965-ல் ஆடுதுறையிலிருந்து ஏ.டி.டி.27 வந்தது. ஜப்பானிய நோரின் 10 ரகத்தையும் நம்ம ஜி.இ.பி.24-ஐயும் ஒட்டி எடுத்த ரகம். ஜி.இ.பி.24 என்றால் புரியாது. கிச்சிலிச் சம்பா என்றால் புரியும். நூற்றைந்து நாளில் குறுவைக்கு வந்துவிடும். திருச்சி வானொலியில் கேட்டுக் கேட்டு விவசாயிகள் அதை நட்டதால், அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் விழுந்தது. நம்ம பண்ணை ஒலிபரப்புக்குக் கிடைத்த பட்டம் என்று இதைச் சொல்லலாம்.

ஆனால் புது ரகத்துக்கு வாய் பெரிசு. உரம் வேண்டும். உரத்துக்கு எங்கே போவது? இங்கேதான் எண்ணூரும் மணலியும் நம்ம வயலுக்குள் வருகின்றன.

பாரி கம்பெனி 1906-லேயே ராணிப்பேட்டையில் சூப்பர் பாஸ்பேட் ஆலை வைத்தது. நாட்டிலேயே முதலாவது என்பார்கள். 1960-களின் தொடக்கத்தில் எண்ணூர்க் கடற்கரையில் பெரிய உர ஆலை கட்டியது. மணலியில் அமெரிக்காவின் அமோகோ கம்பெனியும் ஈரான் தேசத்து எண்ணெய்க் கம்பெனியும் இந்திய அரசோடு கூட்டுச் சேர்ந்து கட்டிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969-ல் ஓடத் தொடங்கியது. அதற்குப் பக்கத்திலேயே மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ். 1966 டிசம்பரில் பதிவாகி, 1971 நவம்பரில் உற்பத்தி. சுத்திகரிப்பு ஆலையில் கிடைக்கிற நாப்தாவைப் பிரித்து அம்மோனியா செய்து, அதிலிருந்து யூரியா. 'விஜய்' யூரியா, 'விஜய்' 17:17:17 மூட்டை உங்கள் களத்துமேட்டில் இருந்திருக்கும். மூட்டை காலியானதும் அந்தச் சாக்கில் நெல் கட்டி வைக்காத வீடு உண்டா? (நாப்தாவை விட்டு 2019-ல் இயற்கை எரிவாயுவுக்கு மாறினார்கள்.)

அந்நியக் கம்பெனியை உள்ளே விடலாமா என்று தில்லியில் அன்றைக்குப் பெரிய சண்டை. இடதுசாரிகள் எதிர்த்தார்கள், காங்கிரசுக்குள்ளேயே முணுமுணுப்பு. சுப்பிரமணியம் விடாப்பிடியாக நின்றார். அவர் சொன்னது பலித்தது, நெல் பெருகியது. ஆனால் பலிப்பதற்கு முன்னால் 1967 தேர்தலில் அவர் தோற்றுப் போனார்.

அந்தத் தேர்தலின் பேச்சே அரிசிதான். பக்தவத்சலம் ஆட்சியில் அரிசித் தட்டுப்பாடு. கடை வாசலில் க்யூ. "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்றார் அண்ணா. ஜெயித்ததும் 1967 மே மாதம் ஒரு படி கொடுத்தார்கள். எங்கே? சென்னையிலும் கோயம்புத்தூரிலும். பணம் போதாததால் அதற்கு மேல் விரிக்க முடியவில்லை. நெல்லை விளைவித்த கீழத் தஞ்சைக் கூலிக்காரனுக்கு அந்தப் படி எட்டவில்லை. அவன் அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்டுக்கொண்டிருந்தான். 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து போனார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். உரமும் விதையும் ஏக்கருக்கு நெல்லைக் கூட்டும். கூட்டின நெல்லை யார் பங்கு போடுவது என்பதை உர மூட்டை தீர்மானிக்காது. 1969-ல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அந்த 44 உயிருக்கு அப்புறம்தான் வந்தது.

கிராமத்தின் பக்கம் திட்டங்கள் நிஜமாகத் திரும்பியது 1970-களுக்குப் பிறகு என்பது என் கணிப்பு. 1972-ல் நுகர்பொருள் வாணிபக் கழகம் ஏற்பட்டது. நேரடிக் கொள்முதல் நிலையங்கள் வந்தன. ரேஷன் கடை கிராமத்துக்கு இறங்கியது. பள்ளியில் மதிய உணவைக் காமராஜர் 1950-களில் தொடங்கினார். அதற்கு முன்னோடி 1920-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தியாகராயச் செட்டியார் காலத்தில் நடந்தது. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-ல் சத்துணவைத் தொடங்கியபோது, முதலில் கிராமத்துக்குத்தான் கொடுத்தார்; பட்டணத்துக்கு அப்புறம்தான். வரிசை மாறியது பாருங்கள். 2008-ல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூனில் இலவசம் என்று அரிசி விலை இறங்கி வந்தது. அரைப்படிக்காக அன்றைக்கு உயிர் போனதை நினைத்தால், வீட்டில் கொஞ்சம் அரிசி இருக்கிற கூலிக்காரன் பேரம் பேச முடிகிறது என்பது சாதாரண விஷயம் இல்லை. "இலவசம் கொடுத்து ஆளைச் சோம்பேறி ஆக்கிட்டாங்க, நடவுக்கு ஆள் கிடைக்கலை" என்று நம்மில் சிலர் சொல்கிறோம். பசிக்குப் பயந்து வருகிற ஆள்தான் நல்ல ஆளா என்று கொஞ்சம் யோசிக்கணும்.

கரண்டு சமாச்சாரத்தையும் சொல்லிவிடுகிறேன். எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-ல் ஓட ஆரம்பித்தது. அதே வருஷம் ஜூன் 19-ல், பம்புசெட்டு மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில், பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்கள். 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவையில் மாட்டு வண்டிகளைக் கொண்டு வந்து ரோட்டை அடைத்தார்கள். 1984-ல் சிறு விவசாயிக்கும், 1989-ல் ஆட்சி மாறிய பிறகு எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. கேட்டு, சண்டை போட்டு, உயிர் கொடுத்து வாங்கினது அது.

இந்தக் கணக்கில் ஒரு பக்கம்தான் இதுவரை சொன்னேன். நமக்கு உரமும் கரண்டும் கொடுத்த ஊர் ஜனங்கள் என்ன ஆனார்கள்? கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலில் சேருகிறது. அந்தக் கழிமுகத்தில் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்த குப்பங்கள் உண்டு. எண்ணூர் அனல் நிலையம் 2017-ல் மூடியாகிவிட்டது. 1994-ல் தொடங்கிய வடசென்னை அனல் நிலையத்தின் சாம்பல் குழாய் உடைந்து உடைந்து ஆற்றில் சாம்பல் படிந்தது. சேப்பாக்கம் என்று ஒரு கிராமம். நம்மைப் போல நிலத்தை நம்பின ஊர். சாம்பல் குளத்தின் ஓரத்தில் மாட்டிக்கொண்டு, எங்களை வேறு இடத்தில் குடி வையுங்கள் என்று கேட்டவர்கள் அந்த ஊர்க்காரர்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தபோது, மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் அடித்துக்கொண்டு பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. பட்டினிக்காரர்கள் வெட்டிய பங்கும் சேர்ந்த அதே கால்வாய்தான். படகும் வலையும் தார் பூசினது மாதிரி ஆயின. பாதித்த மீனவக் குடும்பத்துக்கு அரசு 12,500 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. அந்த எண்ணெயை அள்ளி முடிப்பதற்குள், டிசம்பர் 26 நள்ளிரவில், உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. மூச்சு அடைத்து, கண் எரிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலபேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். பசுமைத் தீர்ப்பாயம் அந்த வழக்கைத் தானாகவே எடுத்து விசாரித்தது. ஆலையை மூட உத்தரவு வந்து, பாதுகாப்பு ஏற்பாடுகளுக்குப் பிறகு 2024-ல் திறந்தார்கள். திறக்கக் கூடாது என்று குப்பத்து ஜனங்கள் நாள் கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள்.

அந்த அம்மோனியா அந்த ஜனங்களுக்காக வந்தது அல்ல. நம்ம வயலுக்குப் போகிற உரத்துக்காக வந்தது.